வாசலில் நிற்கும் வண்டி

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குச் செல்லும் பாதையில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்தது வட்டகொடை என்னும் சிற்றூர். கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து ஒருவர் வெளிநாட்டுக்குப் புறப்படும் நாளில், லயத்து வரிசை முழுவதும் உறக்கம் நீங்கி எழுந்துவிடும். வாடகை வேன் ஒன்று நள்ளிரவிலேயே வந்து நிற்கும். பயணம் போவது ஒருவரே ஆயினும், வழியனுப்பச் செல்வோர் எண்மரோ பதின்மரோ இருப்பர். அட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என மலையிலிருந்து இறங்கி, மணிக்கணக்காக ஓடி, அந்த வேன் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடையும். பயணி பெட்டியுடன் உள்ளே சென்றுவிடுவார். விமானம் மேலெழுந்த செய்தி கிடைக்கும் வரை வீடு திரும்ப மனமில்லாத தாயும் தந்தையும் வேனிலேயே காத்திருப்பர். அந்த வேன் எங்கே நிற்பது?

கேள்வி சிறிதுதான். ஆயினும், உலகத்துப் பெரிய விமான நிலையங்களின் அயலில் குடியிருக்கும் மக்களை நெடுங்காலமாக அலைக்கழித்து வரும் கேள்வி அது. விமானத்தில் செல்வோரும், அவரை ஏற்றி இறக்க வருவோரும், தம் வண்டிகளை நிலையத்தின் தரிப்பிடத்தில் விடாமல், அருகிலுள்ள குடியிருப்பு வீதிகளில் நிறுத்திவிடுகின்றனர். அந்த வீதியில் வாழ்பவரோ, தம் வீட்டு வாசலில் யாருடையது என்று அறியாத வண்டி ஒன்று நிற்பதைக் கண்டு திகைக்கின்றனர்.

இது நிகழ்வதற்குக் காரணம் யாது? முதற் காரணம் பணம். விமான நிலையத் தரிப்பிடத்தில் கட்டணம் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ ஏறிக்கொண்டே போகும். ஒரு நாளுக்கு 500 ரூபாய் எனக் கணக்குக்காகக் கொண்டால், பத்து நாட்கள் வெளியூர் சென்று திரும்புபவர் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். அரைக் கல் தொலைவிலுள்ள வீதியிலோ ஒரு சதமும் இல்லை. பத்து நிமிட நடையில் 5,000 ரூபாய் மிஞ்சுமாயின், அதை வேண்டாம் என்பவர் சிலரே.

இரண்டாவது காரணம் காலம். கடைத்தெருவுக்கு வருபவர் ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுத்துச் சென்றுவிடுவார். அந்த இடம் அடுத்தவருக்குக் கிடைக்கும். விமானப் பயணியின் வண்டி அத்தன்மையது அன்று. உரியவர் கடல் கடந்து போய்விட்டார். வண்டி வாயிலை மறித்து நின்றாலும், அதை நகர்த்தச் சொல்ல எவரும் இல்லை. பத்து வண்டிகள் அவ்வாறு நின்றால், அந்த வீதி வண்டிகளின் கிடங்காகிவிடும்.

இலவசமாகக் கிடைத்த இடத்துக்கு விலையே இல்லை எனக் கொள்ளலாகாது. பயணி செலுத்தாத கட்டணத்தை வேறு ஒருவர் செலுத்துகின்றார். நோயாளியை ஏற்ற வந்த வண்டி வாசலை அணுக முடியாமல் தொலைவில் நிற்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் நடைபாதையை விட்டு நடுவீதியில் இறங்கி நடக்கின்றனர். விடியற்காலை நான்கு மணிக்குக் கதவு அறையும் ஓசையும் பெட்டி உருளும் ஓசையும் உறக்கத்தைக் கலைக்கின்றன. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட பெரிய நூலொன்றில் விரிவாக நிறுவிய கருத்தும் இதுவே: கட்டணமில்லாத் தரிப்பிடம் என ஒன்று இல்லை, அதன் செலவு கண்ணுக்குத் தெரியாத வழிகளில் எல்லார் தலையிலும் ஏறுகின்றது.

இலங்கையில் இத்துடன் அச்சமும் ஒரு காலத்தில் சேர்ந்துகொண்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர், உரியவரின்றி நிற்கும் எந்த வண்டியும் ஐயத்துக்கு இடமாயிற்று. கட்டுநாயக்கவிலும் பாதுகாப்பு இறுகியது. வழியனுப்ப வருவோருக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. வீதியோரத்தில் வண்டியை விட்டு அகல்வோர் தம் தொலைபேசி எண்ணை முன்கண்ணாடியில் எழுதி வைக்குமாறு அந்நாட்களில் அறிவுறுத்தப்பட்டனர். ஒரு துண்டுக் காகிதமும் ஓர் எண்ணும் ஒரு தெருவின் அச்சத்தைப் போக்கப் போதுமானவையாக இருந்தன.

வீதி யாருக்கு உரியது என்னும் வழக்கு நீதிமன்றப் படிகளையும் ஏறியதுண்டு. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் பழைய விமான நிலையம், ஆற்றுக்கு அக்கரையில் ஆர்லிங்டன் என்னும் மாவட்டத்தில் உள்ளது. அந்நிலையத்துக்கு அண்மையில் ஆரோரா ஹைலண்ட்ஸ் என்ற குடியிருப்பு இருக்கின்றது. அதனருகே எழுந்த பெரிய அலுவலகத் தொகுதியில் வேலை பார்ப்போர், தம் வண்டிகளை அக்குடியிருப்பின் வீதிகளில் நாள்தோறும் நிறுத்தி வந்தனர். மாவட்ட ஆட்சியினர் விதியொன்று வகுத்தனர்: வேலை நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, அனுமதிச் சீட்டு உடையவரே அங்கு வண்டி நிறுத்தலாம், சீட்டு வீட்டாருக்கும், அவரிடம் அலுவலாக வருவோருக்கும், விருந்தினர் சிலருக்கும் வழங்கப்படும். வெளியார் வழக்குத் தொடுத்தனர். பொதுப்பணத்தில் இட்ட வீதியில், வீட்டார் என்றும் வெளியார் என்றும் பிரிப்பது சமத்துவத்துக்கு மாறானது என்பது அவர்கள் வாதம். மாநில உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆனால் 1977ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இரைச்சலையும் விபத்தையும் குப்பையையும் குறைத்து, குடியிருப்பின் வாழ்வைப் பேணும் பொருட்டு ஓர் ஊர் இவ்வாறு விதி செய்வது நியாயமே என அது தீர்ப்பளித்தது. வீட்டாருக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் முறைக்கு இத்தீர்ப்பு உறுதியான ஆதாரமாயிற்று.

பிற நாடுகள் வேறு வழிகளையும் கண்டுள்ளன. 1935ஆம் ஆண்டு ஓக்லஹோமா நகரில் முதன்முதலாக நாணயம் இடும் தரிப்பு மானி நாட்டப்பட்டது. நிற்கும் நேரத்துக்கு விலை வைத்தால் இடம் தானே சுழலும் என்பது அதன் தத்துவம். ஜப்பான் 1962இல் இயற்றிய சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. வண்டி வாங்க விரும்புபவர், அதை நிறுத்தத் தம்மிடம் இடம் உண்டு என முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

விமான நிலையங்களைப் பொறுத்தவரை, விலையை மட்டும் உயர்த்துவது விபரீதமாகவும் முடியலாம். உள்ளே கட்டணம் ஏற ஏற, வண்டிகள் வெளியே பிதுங்கும். இலண்டன் ஹீத்ரோவில் பயணியை வாசலில் இறக்கிவிடுவதற்கே 2021ஆம் ஆண்டு நவம்பரில் 5 பவுண் கட்டணம் விதிக்கப்பட்டது. இத்தகைய கட்டணம் வரும்போதெல்லாம், அதைத் தவிர்க்க விரும்புவோரின் கண் அயல் வீதிகளின் மேல் விழுவது இயல்பு. ஆகவே, தடையுடன் மாற்று வழியும் சேர்ந்து வர வேண்டும். அமெரிக்க விமான நிலையங்கள் பலவற்றில், வருவோரை ஏற்றிச் செல்லக் காத்திருப்பவர்க்கெனக் கட்டணமில்லாத் திடல்கள் உள்ளன. இறங்கியவர் தொலைபேசியில் அழைத்தபின் வண்டி வாசலுக்கு வரும். சென்னை மீனம்பாக்கத்தில் 2016ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயில் விமான நிலையம் வரை ஓடுகின்றது. 2022இல் ஏறக்குறைய 2,150 கார்களுக்கான அடுக்குத் தரிப்பிடமும் அங்குத் திறக்கப்பட்டது. இரயிலில் வருபவர் எந்த வீட்டின் வாசலையும் மறிப்பதில்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இதுகாறும் கூறியவை சமவெளி நகரங்களின் செய்தி; மலைநாட்டுக்கு இதனால் ஆவது என்ன என நேயர்கள் வினவலாம். கட்டுநாயக்கவில் வெளியாராக நின்ற அதே வட்டகொடை மக்கள், தம் மலைக்குத் திரும்பியதும் வீட்டாராகிவிடுகின்றனர். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவின் வசந்த காலத்தைக் காண நாடெங்கிலுமிருந்து வண்டிகள் மலையேறுகின்றன. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி விசாகம் வரையான சிவனொளிபாத மலைப் பருவத்தில், மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரையுள்ள பாதையோரத்தில் பேருந்துகளும் வேன்களும் நெடுந்தூரம் வரிசையாக நிற்கின்றன. யாத்திரிகர் இரவெல்லாம் மலையேறி, கதிரவன் உதயத்தைக் கண்டு இறங்கும் வரை அவ்வண்டிகள் அசைவதில்லை. விமானப் பயணியின் வண்டிக்கும் யாத்திரிகரின் வண்டிக்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை.

தோட்டப் பாதையோ நகர வீதியினும் ஒடுங்கியது. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பள்ளம். கொழுந்து லொறியும், பள்ளிப் பிள்ளைகளும், பிரசவத்துக்குப் புறப்பட்ட தாயும் அந்த ஒரே வழியால்தான் போக வேண்டும். லயத்து மக்களுக்கு அப்பாதை வீதி மட்டும் அன்று. துணி உலர்த்தவும், பிள்ளைகள் விளையாடவும், மாலையில் அமர்ந்து பேசவும் உதவும் முற்றமும் அதுவே.

இங்கு ஒரு கணக்கை நோக்குதல் தகும். ஒரு காரை நிறுத்த ஏறக்குறைய 16 அடி நீளமும் 8 அடி அகலமும் வேண்டும். அதாவது 128 சதுர அடி. வெள்ளையர் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கெனக் கட்டிய லயத்துக் காம்பராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி. ஒரு குடும்பம் பிறந்து, வளர்ந்து, மணந்து, மூப்பெய்திய இடத்தைக் காட்டிலும், ஒரு நாள் வந்து நிற்கும் வண்டிக்குக் கூடுதலான இடம் தேவைப்படுகின்றது. அந்த இடத்தை எவரும் கேட்டுப் பெறுவதில்லை. கேட்க வேண்டும் என எண்ணுவதுமில்லை.

மற்றொன்றும் உண்டு. வீட்டாருக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் முறை, வீட்டுக்கு இலக்கமும் வீதிக்குப் பெயரும் இருக்கும் ஊருக்கே பொருந்தும். லயத்து மக்களின் முகவரி நெடுங்காலம் தோட்டத்தின் பெயராகவே இருந்து வந்தது. கடிதங்களும் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தன. நிலமும் பாதையும் அவர்கள் பெயரில் இல்லை. ஆரோரா ஹைலண்ட்ஸ் மக்கள் தம் வீட்டு முகவரியைக் காட்டிச் சீட்டுப் பெற்றனர். முகவரியே இல்லாதவர் எதைக் காட்டுவது? வாசலைக் காக்கும் சட்டம் பயன் தர வேண்டுமாயின், அதற்கு முன்பாக அந்த வாசல் ஒருவருடையது என ஏற்கப்பட வேண்டும். மலைநாட்டில் வீட்டுக்கும் காணிக்கும் உரிமை கேட்கும் குரலில் இச்சிறிய உரிமையும் அடங்கியுள்ளது.

சட்டமும் திட்டமும் வரும் வரை, வண்டியுடையோர் செய்யக்கூடியவை சில உள. வாயிலுக்கும் பாதை வளைவுக்கும் இடம் விட்டு நிறுத்துதல். அருகிலுள்ள வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுதல். வண்டியை விட்டு அகலுமுன் தொலைபேசி எண்ணை முன்கண்ணாடியில் எழுதி வைத்தல். இயன்றபோது புகையிரதத்தையும் பேருந்தையும் நாடுதல். இவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியும் இல்லை. மகளை விமானத்தில் ஏற்றிவிட்டு, கட்டுநாயக்கவில் யாரோ ஒருவர் வீட்டு மதிலோரம் வேனை நிறுத்திக் காத்திருக்கும் தந்தைக்கு, அந்த மதிலுக்கு அப்பாலும் ஒரு குடும்பம் உறங்குகின்றது என்பது தெரியும். சித்திரை மாதத்தில் அவர் லயத்து வாசலில் வண்டியை விட்டுச் செல்பவருக்கும் அது தெரிந்திருத்தல் வேண்டும்.