முருங்கையில் பிசின் வடிகிறதா? பயப்படாதீங்க!



"போன வாரம் முருங்கையைக் கவாத்து பண்ணினோம். வெட்டின இடத்துல பிசினா வடியுது. மரம் பட்டுப்போயிடுமா? அடியோட வெட்டிடலாமா?" சென்ற குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்ட கேள்வி இது.

வெட்டாதீங்க! நமக்கு அடிபட்டால் ரத்தம் உறைந்து பொருக்கு கட்டுகிறது அல்லவா? மரமும் தன் காயத்தைப் பிசினால் மூடிக்கொள்கிறது. முதலில் வெள்ளையாக வரும். காற்றுப் பட்டதும் சிவந்து, கறுத்து இறுகிவிடும். அதைச் சுரண்டக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. காய்ப்பு முடிந்த பிறகு, மழை இல்லாத நாளில் கவாத்து செய்யுங்கள்.

2. கூரான அரிவாளால் சாய்வாக வெட்டுங்கள். பட்டை கிழியாது, தண்ணீரும் தேங்காது.

3. பெரிய கிளையை வெட்டினால் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். சுண்ணாம்பு கொதிக்கும், கவனம். ஆறியதும் பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாகக் கலந்து, அன்றைக்கே பூசுங்கள். இது விஷம். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், கீரையில் படக்கூடாது, பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது.

எப்போது கவலைப்பட வேண்டும்? வெட்டாத தண்டில் பிசின் வடிந்து, ஓட்டையும் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கும். பட்டை மெத்தென்று ஆகி நாறினால் அழுகல். உடனே தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

வெட்டின இடத்துக்குக் கீழே துளிர் விட்டால் மரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குக் கீரையும் சந்தைக்குக் காயும் தரும் மரத்தை, பிசினைப் பார்த்துப் பயந்து இழந்துவிடாதீங்க. அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள்.