விளையாட்டுச் சந்தை – 9
சென்னை பார்க்காத கோப்பை

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் பட்டியலில் கடைசியில் போய் நின்றது. முலுண்ட் மேற்கில் மஞ்சள் சட்டையோடு திரிந்த நம் பிள்ளைகள் அந்த வருத்தத்திலிருந்து மீள்வதற்குள், ஜூன் 29 அன்று, சென்னை என்ற பெயர் தாங்கிய இன்னொரு அணி இதே மும்பையில் கோப்பையைத் தூக்கியது. டெல்லி ரெட்ஸை 41–0 என்று துவைத்து எடுத்த அந்த அணி சென்னை புல்ஸ். ஆட்டம் மொத்தமே 16 நிமிடம்தான். நிமிடத்துக்கு இரண்டரைப் புள்ளிக்கு மேல். எங்கள் சொசைட்டியில் சொன்னபோது, “கபடியா சார்?” என்று கேட்டார்கள்.

கபடி இல்லை, ரக்பி. ரக்பி இந்தியாவும் ஜிஎம்ஆர் ஸ்போர்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன் அது. சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், கலிங்கா என ஆறு அணிகள். பக்கத்துக்கு ஏழு பேர். ஒலிம்பிக்கில் ஆடும் வகைதான். அங்கே ஏழு நிமிடமாக இரண்டு பாதி, இங்கே நான்கு நிமிடமாக நான்கு கால்பகுதி. இடைவேளை கூடினால் விளம்பரத்துக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு. சென்னை அணிக்குப் பயிற்சியாளர் இங்கிலாந்தின் பென் காலிங்ஸ். முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். ஒவ்வொரு அணியிலும் பாதிக்கும் குறைவாகவே இந்தியர்கள்.

எல்லா ஆட்டமும் அந்தேரி விளையாட்டு வளாகத்தில் நடந்தது. நமக்கு அது தூரமே இல்லை. ஸ்லோ லோக்கலில் காட்கோபர், அங்கே மெட்ரோ மாறி ஆசாத் நகர், பிறகு பொடிநடை. ஆக, சென்னை அணியைப் பார்க்கும் வாய்ப்பு முலுண்ட் தமிழனுக்கு இருந்தது. மயிலாப்பூர்க்காரருக்கு டிவியில் மட்டும்தான். ஊர் ஊராகப் போய் ஆடினால் செலவு எகிறும், முதல் வருடத்தில் ஒரே மைதானம் என்பது புத்திசாலித்தனம் என்பார்கள். செலவுக் கணக்கில் சரிதான். ஆனால் ஒரு ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த ஊருக்கு ஒரு மாலைப்பொழுதைக்கூடக் கொடுக்காத அணியை அந்த ஊரின் அணி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2017இல் புரோ கபடிக்குள் வந்த தமிழ் தலைவாஸ் அதே வருடம் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் ஆடியது. தோற்றாலும் திட்டுவதற்கு ஆள் இருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைத்தால்தான் அணி ஊன்றிவிட்டது என்று அர்த்தம்.

புதுச் சந்தைக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொள்வது ரக்பிக்குப் புதிதும் அல்ல. கனடாவின் டொரான்டோ வுல்ஃப்பேக் 2017இல் இங்கிலாந்தின் ரக்பி லீக்கில் சேர்ந்தது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடும் வகை அது. சொந்த மைதானத்தில் நல்ல கூட்டம். ஆனால் களத்தில் ஓடியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள். பணம் ஒரு முதலாளியுடையது. 2020இல் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்குக்கு ஏறியது, கொரோனா வந்தது, ஜூலையில் விலகிவிட்டது. அந்த சீசனில் சொந்த ஊரில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. இதற்கு நேர்மாறு, பிரான்ஸின் பெர்பிக்னான் நகரத்து காட்டலான்ஸ் டிராகன்ஸ். 2006இல் சூப்பர் லீக்குக்குள் வந்தது, 2018இல் சாலஞ்ச் கோப்பையை வென்றது. அந்தப் பக்கத்தில் 1930களிலிருந்தே பையன்கள் இந்த ஆட்டத்தை ஆடி வருகிறார்கள்.

நம் நாட்டிலேயே இதைவிடப் பழைய கதை உண்டு. ரக்பி ஆடுவதற்காக 1873இல் தொடங்கிய கல்கத்தா ஃபுட்பால் கிளப் ஐந்தே வருடத்தில் கலைந்தது. ஆடியவர்கள் பிரிட்டிஷ் பட்டாளத்தாரும் கம்பெனிக்காரர்களும். பட்டாளம் வேறு ஊருக்குப் போனது, மிச்சப் பேர் போலோ பக்கம் சாய்ந்தார்கள். வங்கியில் கிடந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பை அதுதான். சரக்கு இந்தியாவுடையது, சண்டை அவர்களுடையது.

பம்பாயிலோ ஆட்டம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. காரணம் மழை. ஜூனில் கிரிக்கெட் பிட்ச்சை மூடிவிடுவார்கள், தரை இளகிவிடும், விழுந்தால் அடிபடாது. பாம்பே ஜிம்கானாவில் மழைக்காலம்தான் ரக்பிக் காலம். முழங்கால்வரை சேறு, பந்து சோப்புக்கட்டிபோல வழுக்கும். பந்தைப் பிடித்தவனைத் தோளுக்குக் கீழே அணைத்துச் சாய்க்க வேண்டும். கழுத்துப் பக்கம் கை போனால் விசில். நம் ஊர்க் கபடிப் பையனுக்கு இந்தப் பிடியைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பந்தைப் பின்பக்கம்தான் வீச வேண்டும் என்பதைப் பழக்கினால் போதும்.

இந்திய ரக்பிக்கு ஆள் கிடைப்பது எங்கிருந்து என்று பார்த்தால் உள்ளூர்ப் பையன்கள் ஆடினால்தான் ஆட்டம் வேர்விடும் என்பது இன்னும் தெளிவாகும். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் கிஸ் நிறுவனத்திலிருந்து, கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் கிளப்பிலிருந்து, பிகாரிலிருந்து. எல்லாம் காலில் ஷூ இல்லாமல் தொடங்கக்கூடிய இடங்கள். இலங்கையில் இன்னும் ஒரு படி மேலே: கொழும்பு ராயலுக்கும் கண்டி டிரினிட்டிக்கும் 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடயத்துக்கு, பள்ளி ஆட்டம்தான் என்றாலும், கூட்டம் முட்டும்.

லீக் நடத்துபவர்களுக்கு என் கோரிக்கை இரண்டு. சென்னை புல்ஸ் சென்னையில் ஆட வேண்டும். அந்தேரியில் போட்டி நடக்கும் நாட்களில் முலுண்ட், செம்பூர், தாராவியின் தமிழ்ப் பள்ளிகளுக்குத் தலா ஒரு பந்தும், வாரத்துக்கு ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரும் வேண்டும். மைதானம் இல்லையே என்று கையை விரிக்காதீர்கள். ஜூன் வந்தால் கிரிக்கெட்காரர்கள் தாங்களே காலி செய்துவிடுகிறார்கள்.

(தொடரும்)