பையன் சொன்ன விடையே சரி!

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் மாணவர்கள் வாசலில் கும்பல் கும்பலாக நின்றுகொண்டு கேட்கும் முதல் கேள்வி என்ன? "அந்தக் கடைசிக் கணக்குக்கு உனக்கு என்னப்பா வந்தது?" என்பதுதான்! நாலு பேருக்கு ஒரே விடை வந்திருந்தால் நாலு முகமும் மலர்ந்துவிடும். ஐந்தாவது பையனுக்கு மட்டும் வேறு விடை என்றால் அவன் பாடு திண்டாட்டம். அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கலாசாலையில் சேர விரும்புகிறவர்கள் எழுதுவது 'ஸாட்' பரீட்சை. அந்த நாளில் கணக்குக்குக் கீழேயே சில விடைகளை அச்சடித்திருப்பார்கள். சரியானதைக் குறித்தால் போதும். வெகுகாலம் வரையில் கேள்வித்தாளும் விடைகளும் பூட்டுக்குள்ளேயே இருந்தன. வீட்டுக்கு வருவது மார்க்கு மட்டுமே. எந்தக் கணக்கில் சறுக்கினோம் என்று பையனுக்குத் தெரியாது. மாணவன் கேட்டால் கேள்வியையும் விடையையும் காட்டியே தீரவேண்டும் என்று 1979-ல் நியூயார்க் மாகாணம் சட்டம் செய்தது. கேள்வித்தாள்கள் வெளியே வரத் தொடங்கின. பரீட்சை வைத்தவர்களோடேயே விடையை ஒத்துப் பார்க்க மாணவர்களுக்கு வழி பிறந்தது. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

ஒட்டிய பிரமிடுகள்

1980 அக்டோபரில் 'ஸாட்'டுக்கு முன்னோடியான பரீட்சை ஒன்று நடந்தது. அதில் வந்த கணக்கு இது: சதுர அடித்தளம் கொண்ட ஒரு பிரமிடு, அதற்கு ஐந்து முகங்கள். முக்கோண அடித்தளம் கொண்ட இன்னொரு பிரமிடு. அதற்கு நாலு முகங்கள். முக்கோணங்கள் எல்லாம் சமபக்கம், ஒரே அளவு. ஒன்றின் முக்கோண முகத்தை மற்றதன் முகத்தோடு அச்சாகப் பொருத்தி ஒட்டினால், வெளியே தெரியும் முகங்கள் எத்தனை?

ஐந்தும் நாலும் ஒன்பது. ஒட்டியதில் மறைந்தவை இரண்டு. மீதி ஏழு. குழந்தைக்கும் தெரிகிற கணக்கு! பரீட்சை வைத்தவர்களும் ஏழு என்றே தீர்மானித்திருந்தார்கள். புளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் ஐந்து என்று குறித்திருந்தான். தப்பு என்று வந்தது. பையன் சும்மா இருக்கவில்லை. அந்த உருவங்களைத் தானே செய்து ஒட்டிப் பார்த்தான். இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே தளமாக இணைந்துவிட்டன! ஏழு முகம் ஐந்தாகிவிட்டது. பையனின் தந்தை ஓர் எஞ்சினீயர், அவரும் ஒப்புக்கொண்டார். விஷயம் பரீட்சை ஸ்தாபனத்துக்குப் போயிற்று. 1981 மார்ச்சில் தவறு வெளியாகி, சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் மாணவர்களின் மார்க்கு உயர்ந்தது. அவர்களில் எத்தனை பேர் யோசித்துக் குறித்தார்களோ, எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தார்களோ, அது அவரவருக்கே வெளிச்சம்.

உருண்ட வட்டம்

1982 மே மாதம் நடந்த 'ஸாட்' பரீட்சையில் இதைவிட வேடிக்கை. சிறிய வட்டத்தின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெரியதை ஒட்டியபடியே சிறியது உருண்டு, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர எத்தனை சுற்றுச் சுற்றும்? ஒன்றரை, மூன்று, நாலரை, ஆறு, ஒன்பது என்று ஐந்து விடைகள் கொடுத்திருந்தார்கள். சுற்றளவு மூன்று மடங்காயிற்றே. ஆகையால் மூன்று சுற்று என்பது பரீட்சை வைத்தவர்களின் கணக்கு.

நேயர்கள் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதை நழுவாமல் அதன் விளிம்போடு உருட்டுங்கள். ஒரே அளவு நாணயம்தானே, ஒரு சுற்றுச் சுற்றும் என்று நினைப்பீர்கள். இரண்டு சுற்றுச் சுற்றும்! உருளும் நாணயத்தின் நடுப்புள்ளி போகிற வழியைப் பார்த்தால் காரணம் விளங்கும். அது விளிம்பிலிருந்து இன்னும் ஓர் ஆரம் தள்ளி, பெரிய வளையமாகச் சுற்றி வருகிறது. பரீட்சைக் கணக்கில் அந்த வளையத்தின் ஆரம், சிறிய வட்டத்தின் ஆரத்தைப் போல் நாலு மடங்கு. ஆகவே சுற்று நாலு. அச்சடித்த ஐந்து விடைகளில் நாலு என்பது இல்லவே இல்லை!

சுமார் 3 லட்சம் பேர் அன்று எழுதினார்கள். வாசலில் நின்று, "எனக்கும் மூன்று, உனக்கும் மூன்று" என்று மகிழ்ந்து போனவர்கள் எத்தனை பேரோ! கேள்வியே தப்பு என்று எழுதிப் போட்டவர்கள் மூன்றே மாணவர்கள். கடைசியில் அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு எல்லாருக்கும் மறுபடி மார்க்குப் போட்டார்கள்.

இப்போது அந்தப் பரீட்சை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 2024 முதல் அப்படித்தான். கணிதத்தில் 44 கேள்விகள், 70 நிமிஷம். முதல் பாதியை எப்படிச் செய்தான் என்பதைப் பொறுத்து இரண்டாம் பாதி சுலபமாகவோ கடினமாகவோ வருகிறது. மார்க்கில் சேராத சோதனைக் கேள்விகளும் நடுவே கலந்திருக்கின்றன. எழுதிய கேள்விகள் பிறகு கைக்கு வருவதில்லை; வெளியே பேசவும் கூடாது என்று நிபந்தனை. திறந்த பூட்டு மறுபடி விழுந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். அதையும் மீறி வாசலில் நாலு பேர் கூடி, "அந்தக் கடைசிக் கணக்குக்கு உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டாலும், நாலு பேருக்கும் ஒரே கணக்கு வந்திருக்க வேண்டுமே!