கருநிற வண்டியும் கீறலும்

மோட்டார் வண்டி வாங்குவோருட் பலர் கருநிறத்தில் மனம் பறிகொடுப்பர். புதிதாய் வந்து நிற்குங்கால் அஃது அசைவற்ற குளத்துநீர்போல வானத்தையும் மரத்தையும் தன்னிடத்தே காட்டி நிற்கும். ஆறு திங்கள் கழிந்தபின் அவ்வண்டியையே வெயிலில் நோக்கின், ஞாயிற்றின் பிம்பத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை பின்னினாற்போல எண்ணிறந்த மெல்லிய கோடுகள் மின்னக் காணலாம். கறுப்பு வர்ணம் எளிதிற் கீறுபடும் என்று உலகினர் கூறுவது இதனைக் கண்டே. அக்கூற்று எத்துணை உண்மையுடைத்து என்பதையும், கீறலுக்குச் செய்யத் தக்கன யாவை, தகாதன யாவை என்பதையும் ஒருவாறு ஆராய்வாம்.

இக்காலத்து வண்டியின் பூச்சு ஒரே படலம் அன்று. உருக்குத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு ஒன்று, அதன்மேல் பட்டறையார் பிரைமர் என வழங்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, யாவற்றிற்கும் மேலாகக் கண்ணாடிபோலத் தெளிந்த, நிறமற்ற கிளியர் கோட். இவை அனைத்தும் கூடியே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனமுடையன. தெளிபூச்சாகிய கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான். மைக்ரானாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் பருமனே சுமார் 70 மைக்ரான். ஆகவே வண்டியின் பொலிவு முழுவதும் ஒரு மயிரிழையினும் மெல்லிய படலத்தைப் பற்றி நிற்கின்றது. பண்டு இவ்வமைப்பு இல்லை. போர்டு கம்பெனியார் தம் 'மாடல் டி' வண்டியை 1914 முதல் 1925 வரை கருநிறம் ஒன்றிலேயே விற்றனர். அத்தகைய பழைய பூச்சைத் தேய்த்தால் நிறமே துணியில் ஏறும். தெளிபூச்சு 1980-களில் எங்கும் பரவிய பின்னரே துணி கறுக்காமல் மெருகிடுதல் இயல்வதாயிற்று.

இனி, கறுப்பு ஏனைய நிறங்களினும் மென்மையானது அன்று. பெரும்பாலும் வெள்ளை வண்டிக்கும் கறுப்பு வண்டிக்கும் ஒரே தெளிபூச்சே இடப்படுகின்றது. வேறுபாடு பொருளில் இல்லை, காட்சியில் உள்ளது. நேரே விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கே வழுவழுப்பான மேற்பரப்பினின்று மீளும். எஞ்சியது உட்புகுந்து கருநிறத்தால் விழுங்கப்படும். கீறலின் கரைகளோ ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும். அச்சிதறிய ஒளி இருண்ட பரப்பின்மேல் வெண்கோடாய் விளங்கித் தோன்றும். வெண்ணிற வண்டியிலோ பரப்பு முழுவதுமே ஒளியைச் சிதறுதலின், கீறலின் ஒளி அதனுள் மறைந்துபோம். நண்பகலில் ஏற்றிய அகல்விளக்கை யார் காண்பார்? அவ்வகலே நள்ளிரவில் நெடுந்தொலைவிலும் தோன்றும். கோடுகள் வளையம் வளையமாய்க் காணப்படுவதும் ஒரு மயக்கமே. அவை பல திசையினும் ஓடுகின்றன. அவற்றுள் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் நிலையிற் கிடப்பன மட்டும் மின்னுதலின், விளக்கைச் சுற்றிய வட்டம்போலத் தோன்றும். நம் வீட்டு எவர்சில்வர் தட்டை விளக்கொளியிற் சாய்த்துப் பார்ப்போர் அதனிடத்தும் இதனைக் காண்பர்.

இவ்வெண்மைதான் பலரை ஏமாற்றுகின்றது. கறுப்பின்மேல் வெள்ளைக்கோடு கண்டவுடன் நிறம் உரிந்து அடிப்பூச்சு வெளிப்பட்டது என்று அஞ்சுகின்றனர். அஃது உண்மையோ என்றறிய ஓர் எளிய சோதனை உண்டு. கீறல்மேற் சிறிது நீர் தடவுக. கோடு மறைந்து, உலர்ந்தபின் மீண்டும் தோன்றுமாயின், அது தெளிபூச்சளவில் நின்றது எனக் கொள்ளலாம். நீர் பள்ளத்தை நிரப்பியதனால் ஒளி சிதறாதொழிந்தது. நனைந்தும் மறையாது நின்று, குறுக்கே நகத்தை ஓட்டுங்கால் நகம் தடைப்படுமாயின், கீறல் ஆழமானது. அடியிற் சாம்பல் நிறம் தோன்றின் அடிப்பூச்சு. உலோக ஒளி தோன்றின் தகடு. சில வேளைகளில் கீறலே இராது. உராய்ந்த பிற வண்டியின் வர்ணம் ஒட்டியிருக்கும். அது மெல்லத் துடைக்கப் போய்விடும்.

என் சிற்றப்பா ஒருவர் பிறருடைய கார் ஓட்டிப் பிழைப்பவர். ஒருநாள் வழியோரத்து முட்கிளை உராய்ந்து முதலாளியின் கறுப்புக் காரின் கதவில் ஒரு வெண்கோடு விழுந்தது. நகத்திற்குத் தட்டுப்படாத கோடு. வர்ணமே போயிற்று என்று கூறிப் பட்டறையார் கதவு முழுவதும் புதுவர்ணம் அடித்தனர். அச்செலவு இரண்டு மாதச் சம்பளத்திற் பிடிக்கப்பெற்றது. ஒரு கை நீர் தெளித்துப் பார்ப்பார் அங்கு ஒருவரும் இலர்.

நிற்க. தெளிபூச்சளவில் நின்ற கீறலைப் போக்கும் வழி மெருகிடுதலே. நுண்ணிய பொடி கலந்த குழம்பை மெத்தென்ற பஞ்சில் இட்டு, நிழலில், குளிர்ந்த தகட்டின்மேற் சிறிது சிறிதாகத் தேய்ப்பர். இதனாற் கீறல் நிரம்புவதில்லை. அதன் இருமருங்கும் உள்ள மேட்டுப்பகுதி பள்ளத்தின் அளவிற்குத் தாழ்கின்றது. ஆதலின் ஒவ்வொரு முறையும் தெளிபூச்சில் ஒரு பங்கு குறைகின்றது. வெயிலின் கொடுங்கதிரைத் தடுப்பதும் அப்பூச்சே. அளவிறந்து தேய்க்கப்பட்ட இடம் நாளடைவில் வெளுத்து உரியும். விளிம்புகளிற் பூச்சு மிக மெல்லியது. அங்கே பஃபிங் எந்திரத்தை அழுத்துதல் பெருந்தவறு. பல்விளக்கும் பசையாலும் சிலர் தேய்ப்பர். அதனுள்ளும் பொடியுண்டு, எனினும் அது பல்லுக்கென அமைந்தது, வண்டிக்கென அன்று. எண்ணெயும் மெழுகும் கலந்த சில தைலங்கள் ஒரு நொடியிற் கீறலை மறைக்கும். மேற்கூறிய நீர்ச்சோதனையே அதன் மருமம். சில முறை கழுவியபின் கோடுகள் மீண்டும் தலைகாட்டும்.

தகடுவரை சென்ற கீறலை நாள் கடத்தலாகாது. இரும்பு துருவாகுங்கால் பருத்து, சுற்றியுள்ள நல்ல பூச்சையும் தூக்கி எறியும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றினால் இது விரைந்து நிகழும். கீறலைத் தூய்மை செய்து, துருவிருப்பின் அதனைச் சுரண்டி நீக்கி, முதலில் அடிப்பூச்சும் பின்னர் நிறமும் ஊசிமுனைத் தூரிகையால் மெல்லிய படலங்களாய் இட்டு, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, இறுதியில் தெளிபூச்சு இடல்வேண்டும். நன்கு உலர்ந்தபின் 2000 எண்ணுள்ள நீர்த்தாளால் நனைத்துத் தேய்த்துச் சமமாக்கி மெருகிடுவர். நிறத்தின் குறியெண் பெரும்பாலும் கதவுத் தூணிலோ எந்திர மூடியின் கீழோ பொறிக்கப்பெற்றிருக்கும். உலோகத்துகள் கலந்த வர்ணங்களைப் பொருத்துதல் கடினம். கலப்பற்ற கறுப்பே எளிதிற் பொருந்துவது. கீறலை மிகக் காட்டும் நிறமே ஒட்டினையும் மிக மறைத்துத் தருகின்றது!

ஆயினும் சிலந்தி வலைக் கோடுகள் முள்ளாலும் பகைவராலும் வந்தன அல்ல. பெரும்பாலும் துடைக்கும் துணியால் வந்தன. நம் தெருப்புழுதியில் மணல் உண்டு. மணலிற் பெரும்பான்மை குவார்ட்சு என்னும் கல். அது சாதாரணக் கண்ணாடியையும் கீறவல்லது. விடியற்காலையில் உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பவர், தாம் அறியாமலே உப்புத்தாளால் தேய்ப்பவர் ஆகின்றார். துடையாது விடின் சோம்பர் என்பர்; துடைப்பின் வர்ணத்தைக் கெடுத்தாய் என்பர். அவ்வேழை என் செய்வார்? துணியையும் ஒரே வாளி நீரையும் கொடுத்தவர் எவரோ அவரைக் கேட்பதே முறை.

முதலில் நீரை ஊற்றிப் புழுதியைக் கரைந்தோட விடுக. பின்னர் இரண்டு வாளி கொள்க. ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவுக. சக்கரத்தருகே சேறு மிகுதலின் அதற்கு வேறு துணி வேண்டும். தரையில் விழுந்த துணியை அலசாது எடுத்துத் தொடலாகாது. நீர் அருகிய கோடையில், புழுதியைத் துடையாது அவ்வாறே விடுதலே நலம். புழுதி கிடந்தவாறு கிடக்குமளவும் கீறாது, அதன்மேற் கை ஓடுங்காலே கீறும். புழுதி படிந்த வண்டியை உறையிட்டு மூடுவதும் அத்தன்மைத்தே. காற்றில் உறை ஆடுந்தோறும் மணல் உராயும். கழுவி உலர்ந்தபின்னரே உறையிடல் வேண்டும்.