ஆன செலவைக் கொடுத்துடுங்க!

கல்யாணத்துக்குச் சமையற்காரர் பிடிக்கிறீர்கள். ரொம்ப நல்ல மாதிரி. "ரேட்டெல்லாம் எதுக்கு சார்? ஆன செலவைக் கொடுத்துடுங்க. அதுக்கு மேல எனக்கு நூத்துக்கு ரெண்டு, போதும்" என்கிறார். கேசரியில் முந்திரி எவ்வளவு விழும் என்று யோசியுங்கள்.

பி.காம்.காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'காஸ்ட் ப்ளஸ் காண்ட்ராக்ட்' என்று குறிப்பு வரையச் சொல்வார்கள். செலவு ஏறினால் லாபமும் ஏறும், ஆகவே சிக்கனம் பிடிக்க யாருக்கும் மனசு வராது என்று எழுதினால் அஞ்சு மார்க். இந்த அஞ்சு மார்க்கில்தான் அமெரிக்க சர்க்கார் கோட்டை விட்டது.

1965 ஜூலை 30-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 65 வயதானவர்களின் ஆஸ்பத்திரி பில் இனி சர்க்கார் பொறுப்பு. முதல் கார்டு மாஜி ஜனாதிபதி ட்ரூமனுக்கு. தேவையான சட்டம்தான். அன்றைக்கு அங்கே வயசானவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கிடையாது. ஒரு ஆபரேஷன் என்றால் சேமிப்பு காலி, அப்புறம் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரிகள் முரண்டு பிடிக்கக் கூடாதே! அதனால் ஒரு ஷரத்து: ஆன 'நியாயமான' செலவு, அதற்கு மேல் லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிக்கு நூற்றுக்கு 2, மற்றதற்கு ஒன்றரை. சாட்சாத் நம்ம சமையற்காரர்! அந்த 'மேல்' 1969-ல் போனது. 'ஆன செலவு' மட்டும் ஜாம்ஜாமென்று தொடர்ந்தது. 1990-ல் ஆஸ்பத்திரிப் பகுதிக்கு 900 கோடி டாலர் ஆகும் என்று 1965-ல் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனது சுமார் 6,700 கோடி. விலைவாசி ஏறியது, ஊனமுற்றவர்களையும் சேர்த்தார்கள், வாஸ்தவம். முந்திரிக்கும் அதில் பங்கு உண்டு.

1983-ல் ரீகன் ஆட்சியில் 'இலைக்கு இவ்வளவு' என்று மாற்றினார்கள். வியாதிகளைச் சுமார் 470 வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு ரேட். இடுப்பெலும்பு முறிவா, இந்தா பணம்; சீக்கிரம் அனுப்பினால் மிச்சம் உனக்கு. உடனே நோயாளிகள் தங்கும் நாட்கள் மளமளவென்று குறைந்தன. பாட்டிக்குக் குணமாகும் முன்பே வீட்டுக்குத் தள்ளுகிறார்கள் என்று புகார் கிளம்பியது. இன்னொரு வேடிக்கை, சாதா வியாதிக்கெல்லாம் கேஸ் ஷீட்டில் பெரிய பெரிய பெயர்கள் ஏற ஆரம்பித்தன. ரேட் அதிகமாச்சே! சமையற்காரர் லேசுப்பட்டவரா என்ன?

மருந்து விவகாரம் இதையும் தூக்கிச் சாப்பிட்டது. 2003-ல் மாத்திரை செலவையும் மெடிகேரில் சேர்க்க சட்டம் வந்தது. கூடவே ஒரு வரி: மருந்துக் கம்பெனியிடம் சர்க்கார் விலை பேசக் கூடாது, இன்ஷூரன்ஸ்காரர்கள் தனித்தனியாகப் பேசிக்கொள்ளட்டும். பெரிய வாடிக்கையாளர், ஆனால் பேரம் பேசப்படாது! கோயம்பேட்டில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

2022-ல் பைடன் ஆட்சியில்தான் வாயைத் திறக்க அனுமதி கிடைத்தது. முதல் தவணையாக 10 மருந்துகள். அதில் ஜனூவியா என்ற சர்க்கரை மாத்திரைக்கு மாசத்துக்குப் பட்டியல் விலை 527 டாலர். 2026 ஜனவரி முதல் மெடிகேருக்கு 113. பட்டியல் விலையில் முன்பே கழிவு உண்டு என்பது நிஜம்தான். ஆனாலும் கம்பெனிக்குக் கோபம். பேரம் ஆரம்பிக்கும் முன்பே, 2023-ல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. இப்படி விலை பேசுவது அரசியல் சட்டத்துக்கே விரோதமாம்!