தமிழில் ஒரு கணனி மொழி: முதல் போடுமுன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்



நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் என் தங்கையின் மகன் கோப்பாயிலுள்ள எனது ஹாட்வெயார் கடைக்கு வந்தான். கணனி படித்து முடித்த பிள்ளை. "மாமா, நாங்களே தமிழில் ஒரு கணனி மொழி செய்யப் போறம். உங்கட கடைக் கணக்கெல்லாம் அதிலயே எழுதலாம். 5 இலட்சம் முதல் போடுங்க" என்றான்.

உடனே மறுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் உண்டு. முன்பு காசு கொடுத்து வாங்கிய பில் புரோகிராம் முழுக்க ஆங்கிலம். கடையில் நிற்கும் தம்பி கம்பி, சீமெந்துக் கணக்கை மனதிலேயே போடுவான். ஆனால் ஒருநாள் 'வொயிட்' என்ற பொத்தானை என்னவென்று தெரியாமல் அழுத்திவிட்டான். சாமான் லொறியில் போய்விட்டது, பில் ரத்தாகிவிட்டது. நட்டம் எனக்கு, அவமானம் அவனுக்கு. ஆகவே மருமகன் சொன்னதை விசாரித்துப் பார்த்தேன். அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கணனிக்குத் தாய்மொழி கிடையாது. மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான் அதற்குத் தெரியும். அதை 1 என்றும் 0 என்றும் எழுதுகிறோம். மனிதன் எழுதும் சொற்களை அந்த நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தரகன்தான் கணனி மொழி. 1950களில் அமெரிக்காவில் கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி, வியாபாரக் கணக்குகளைச் சாதாரண சொற்களில் எழுத வழி செய்ய வேண்டும் என்று வாதாடினார். கணனிக்கு ஆங்கிலம் விளங்காது என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஆங்கிலமோ, பிரெஞ்சோ, ஜெர்மனோ, இயந்திரத்துக்கு எல்லாம் வெறும் அடையாளம்தான் என்று அவர் செய்தே காட்டினார். அவரது வேலையை ஒட்டி வந்ததுதான் வியாபாரத்துக்கென்றே 1959இல் திட்டமிடப்பட்ட கோபோல் மொழி. அப்படியென்றால் தமிழிலும் முடியும்தானே? முடியும். முடிந்தும் இருக்கிறது.

முத்தையா அண்ணாமலை என்பவர் 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'எழில்' என்ற தமிழ்க் கணனி மொழியை உருவாக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் அறிவித்தார். அதில் ஒரு கடைக் கணக்கு இப்படி இருக்கும்:

விலை = 2500
எண்ணிக்கை = 12
மொத்தம் = விலை * எண்ணிக்கை
@( மொத்தம் > 25000 ) ஆனால்
பதிப்பி "கழிவு உண்டு"
இல்லை
பதிப்பி "கழிவு இல்லை"
முடி

மொத்தம் 30,000. ஆகவே கழிவு உண்டு என்று திரையில் வரும். ஆங்கிலத்தில் 'இஃப்' என்ற சொல் முன்னே வரும். இங்கே நாம் பேசுவதுபோல நிபந்தனை முதலில், 'ஆனால்' பின்னால்.

இதற்குள் நடப்பது நம் கடை வேலைதான். வாடிக்கையாளர் ஒரு துண்டு நீட்டுகிறார். முதலில் அதிலுள்ள சொற்களையும் எண்களையும் பிரித்து வாசிக்கிறோம். இரண்டாவது, எந்த எண் எந்தச் சாமானுக்கு என்று ஒழுங்குபடுத்துகிறோம். ஒழுங்கு பிழைத்தால் திருப்பிக் கேட்கிறோம். மூன்றாவது, சாமானை எடுத்துக் கொடுக்கிறோம். கணனி மொழியும் இந்த 3 படியிலேயே நடக்கிறது. இப்படிப் படிப்படியாகச் செய்யும் முறைக்கு வழங்கும் 'அல்கோரிதம்' என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய அல்ஜிப்ரா நூலிலும் வாரிசுப் பங்கு, வியாபாரக் கணக்குகளே நிறைய இருக்கின்றன.

தமிழுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. கோப்பாய் என்பது நமக்கு 4 எழுத்து. யுனிகோட் முறையில் கணனி அதை 8 ஆகச் சேமிக்கிறது. எழுத்தும் புள்ளியும் தனித்தனி, எழுத்தும் அதன் உயிர்க்குறியும் தனித்தனி. எழுத்தை எண்ணச் சொன்னால் 8 என்று சொல்லும். அதை நம்பிப் பில் அச்சடித்தால் நிரல்கள் கோணும். தமிழில் மொழி செய்பவர் இதையெல்லாம் முதலில் சரிக்கட்ட வேண்டும்.

இனிக் காசு விஷயத்துக்கு வருவோம். ஒரு மொழியின் கட்டளைச் சொற்கள் சில டசின்தான். செலவு அங்கே இல்லை. பில் அச்சடிக்க, பார்கோட் வாசிக்க, கணக்கைச் சேமிக்க ஆயத்தப் பாகங்கள் வேண்டும். பைத்தன் என்ற மொழியை கைடோ வான் ரோஸம் 1989 டிசம்பரில் தனியாளாகத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். அதன் பிறகு உலகெங்கும் பலர் பல வருடமாகப் பாகங்களைச் செய்து சேர்த்ததால்தான் அது இன்றைய நிலைக்கு வந்தது. எழிலும் அந்தப் பைத்தன் மீதே கட்டப்பட்டது. இருக்கும் கட்டடத்தில் கடை போட்டது போல. அதன் நோக்கமும் அளவானது: பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத் தடையில்லாமல் நிரல் எழுதப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே மருமகனிடம் 3 கேள்விகள் கேட்டேன். இது யாருக்கு? எதன் மீது கட்டப் போகிறாய்? நீ இல்லாத நாளில் யார் பார்ப்பது?

முதல் இரண்டுக்கும் பதில் சொன்னான். மூன்றாவதற்கு மௌனம். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் கடன் கொப்பிகள் கடையோடு போய்விட்டன. யார் எவ்வளவு தரவேண்டும் என்று சொல்ல அதன்பிறகு எந்த எழுத்தும் இல்லை. கொப்பி தொலைவதும், கொப்பியை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் வெளிநாடு போவதும் வியாபாரிக்கு ஒன்றுதான். உலகில் 2 பேருக்கு மட்டும் தெரிந்த மொழியில் என் கணக்கைப் பூட்டிவைக்க நான் தயாரில்லை.

5 இலட்சம் கொடுக்கவில்லை. பதிலாக ஒரு வேலை கொடுத்தேன். பலருக்கும் தெரிந்த மொழியிலேயே எழுது, திரையில் மட்டும் தமிழ் வை, மூலநிரலின் பிரதி ஒன்று என் கையில் இருக்க வேண்டும் என்றேன். அவன் முகம் வாடியது. புதிய மொழி செய்யும் ஆசையை விடாதே, முதலில் எழிலைப் பிரித்துப் பார், வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள் என்றும் சொன்னேன்.

பிறகு திரைச் சொற்களைத் தெரிவுசெய்ய உட்கார்ந்தோம். 'வொயிட்' பொத்தானுக்கு மருமகன் 'செல்லுபடியற்றதாக்கு' என்று எழுதினான். பக்கத்தில் நின்ற கடைத் தம்பி, "அண்ணன், நாங்க பில்லை வெட்டுறதெண்டுதானே சொல்றம்" என்றான். பொத்தானில் இப்போது 'பில்லை வெட்டு' என்றே இருக்கிறது. அதன்மேல் "சாமான் போய்விட்டதா?" என்று ஒரு கேள்வியும் கேட்கிறது.

நண்பர்களே, உங்கள் கடைக்கும் யாராவது புரோகிராம் கொண்டு வந்தால் அந்த 3 கேள்விகளையும் கேளுங்கள். மூலநிரல் பிரதியை எழுத்தில் ஒப்பந்தம் செய்து வாங்குங்கள். திரைச் சொற்களை, அதைத் தினமும் அழுத்தப் போகிறவரிடமே கேளுங்கள்.