தாய்வீட்டுக்கு வரும்போது தாய் சேய் நல அட்டையும் உடன் வரட்டும்

வளைகாப்பு முடிந்தபின் முதல் பிரசவத்திற்காகத் தாய்வீட்டுக்கு வருவது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். செய்யூர், மதுராந்தகம், வந்தவாசி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பகுதிகளில் உள்ள பெற்றோர் வீட்டுக்கு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வருகின்றனர். அவர்களை எங்கள் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி சந்திக்கிறோம். சீர்வரிசையும் வளையல்களும் மறவாமல் உடன் வந்திருக்கும். ஏழு மாதப் பரிசோதனைக் குறிப்புகள் மட்டும் மாமியார் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டிருக்கும்.

"எல்லாம் நார்மல் என்று சொன்னார்கள்" என்று உடன் வந்தவர்கள் கூறுவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் மருத்துவருக்கு அந்த ஒரு சொல் போதாது. ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

ஒரு நாள் அளவும் ஏழு மாத வரலாறும்

முதலில் இரத்த அழுத்தம். கர்ப்பிணிக்கு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். இன்று ஒருவருக்கு 130/84 என்று வருகிறது. இந்த அளவை மட்டும் பார்த்தால் அச்சமில்லை என்று தோன்றும். மூன்றாம் மாதத்தில் அவருக்கு 100/60 இருந்தது என்று அட்டை காட்டுமானால், அழுத்தம் படிப்படியாக ஏறி வருகிறது என்று உணர்ந்து, அவரை அடுத்த சில நாள்களிலேயே மீண்டும் வரச் சொல்வோம். பேறுகால வலிப்பு என்னும் ஆபத்தை முன்கூட்டியே தடுக்க இவ்வறிவு உதவுகிறது.

அடுத்தது இரத்தசோகை. கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் அது கடுமையானது. ஒருவருக்கு 9 கிராம் இருக்கிறது என்று கொள்வோம். அவர் மாத்திரையைத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறதா, நான்கு மாதம் தவறாமல் உட்கொண்டும் ஏறவில்லையா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும். பின்னவருக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து தேவைப்படலாம்.

மூன்றாவது பிரசவ நாள். முதல் மூன்று மாதத்திற்குள் எடுத்த ஸ்கேன்தான் கருவின் வயதை மிகச் சரியாகக் கணக்கிடும். அந்த அறிக்கை இல்லாதபோது, எட்டாம் மாதத்தில் குழந்தை சிறிதாகத் தெரிந்தால், மாதக் கணக்கு தவறா, குழந்தையின் வளர்ச்சி குன்றியுள்ளதா என்று பிரித்தறிவது கடினம்.

தாயின் இரத்தப் பிரிவும் அவ்வாறே முக்கியமானது. ஆர்எச் நெகட்டிவ் பிரிவினருக்கு ஆன்டி-டி ஊசி வழக்கமாக 28-ஆம் வாரத்தில் போடப்படுகிறது. பிறக்கும் குழந்தை ஆர்எச் பாசிட்டிவ் எனில், பிரசவமான 72 மணி நேரத்திற்குள் மீண்டும் போட வேண்டும்.

கிராமத்தில் நடப்பது சிறிய பணியன்று

கிராமத்துப் பரிசோதனையைக் குறைவாக எண்ணுவோர் நகரத்தில் உண்டு. அது சரியன்று. கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் பெறச் செய்வது, தடுப்பூசி போடுவது, எடையும் இரத்த அழுத்தமும் குறிப்பது, வீடு தேடி வந்து விசாரிப்பது ஆகியவற்றைக் கிராம சுகாதார செவிலியரே செய்கிறார். 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நடைபெறுகிறது. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத இம்முறை பரவுவதற்குப் பெரிதும் பாடுபட்டவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா.

நம் பகுதிக்கும் கிராமத்திற்கும் இடையே இத்தகைய பிணைப்பு புதிதன்று. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் தோற்றுவித்த வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ், அடையாற்றை ஒட்டிய தன் மருத்துவமனையோடு நில்லாமல், சென்னைக்குத் தெற்கேயுள்ள கிராமங்களில் சிறு நலவாழ்வு மையங்களை அமைத்தது. சிற்றூரில் தொடங்கும் கவனிப்பு பெரிய மருத்துவமனை வரை அறுபடாமல் தொடர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. பயண நாளைக் குறிக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். நல்ல நாள் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இரத்தப்போக்கு, நஞ்சு கீழிறங்கியிருத்தல், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்களுக்கு எப்போது, எப்படிப் பயணம் செய்வது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

2. செவிலியரிடம் ஊர் மாறுவதைத் தெரிவியுங்கள். பிக்மி எண் ஊர் மாறினாலும் மாறாது. சென்னை வந்ததும் அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த எண்ணைக் காட்டுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்த எண் அவசியம்.

3. தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். அட்டையின் ஒவ்வொரு பக்கத்தையும் கணவர், தாயார் இருவர் கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள்.

4. மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை காபி, தேநீர், பாலுடன் உட்கொள்ள வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

திரும்பிச் செல்லும்போது

தாய்வீட்டுக்கு வரும்போது அட்டை விடுபடுவது போலவே, புகுந்த வீடு திரும்பும்போது மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி விடுபடுகிறது. பிரசவத்தோடு தாயின் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். அதிக இரத்தப்போக்கு, கிருமித் தொற்று, வலிப்பு ஆகியவை பிரசவத்திற்குப் பின்னும் வரக்கூடும். ஆகவேதான் மருத்துவமனையில் பிரசவித்தவர்களின் வீட்டுக்கும் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் களப்பணியாளர் சென்று பார்க்கும் ஏற்பாடு உள்ளது. நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தால்தானே அவர் வர இயலும்?

கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் ஆறாவது வாரத்தில் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிரசவத்திற்குப் பின் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தாலும், பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு மிகுதி. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசிகளை எந்த ஊரிலும் போடலாம்; அட்டையில் குறித்து வாங்குவதே முக்கியம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்று வலி, வலிப்பு, இரத்தப்போக்கு, பனிக்குட நீர் வடிதல், குழந்தையின் அசைவு குறைதல், காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பிரசவத்திற்குப் பின்னும் இதே விதிதான். ஐயம் இருப்பின் 104 எண்ணில் ஆலோசனை பெறலாம்.

நிறைவாக ஒன்று. அட்டை தொலைந்துவிட்டதென்றோ, கொண்டுவர மறந்தோமென்றோ தயங்கி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். வெறுங்கையோடு வந்தாலும் பரிசோதிப்போம். ஊர்ச் செவிலியரின் தொலைபேசி எண் இருந்தால் அவரிடமே கேட்டு அறிந்துகொள்வோம். உடன் வரும் தாய்மார்களிடமும் மாமியார்களிடமும் நாங்கள் வேண்டுவது இதுதான்: அடுத்த முறை பெட்டி கட்டும்போது, பட்டுப்புடவைக்கு முன்பாக அந்த அட்டையை எடுத்து வையுங்கள்.